வங்கி குறைந்ததைப் பார்க்கும், பதிவாளர் கூடியதைப் பார்ப்பார்: கொளத்தூரில் ஒரு பழைய ஃபிளாட்டுக்கு விலை கேட்ட கதை (நிகழ்வு ஆய்வு)

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபின், தெரிந்தவர்களுக்குக் காகிதம் பார்த்துக் கொடுப்பதும் கடன் கணக்குப் போட்டுக் கொடுப்பதுமாக இருக்கிறேன். 2024-ல் ஒரு குடும்பத்துடன் உட்கார்ந்து வீட்டுக்கு விலை கேட்ட அனுபவம் இது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். தொகைகள் அவர்கள் அனுமதித்த அளவுக்குத் தோராயமாக்கப்பட்டவை.

பின்னணி

கணவருக்கு வயது 38. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000. மனைவிக்கு 36, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, கைக்கு 41,000. ஒரு மகள். வில்லிவாக்கத்தில் 14,500 ரூபாய் வாடகை வீடு.

என்னிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு, 2023 செப்டம்பரில், வேறொரு ஃபிளாட்டுக்கு 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்து இழந்திருந்தார்கள். அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் மூன்றாவது மாடியே இல்லை. வங்கியின் வக்கீல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். டோக்கன் ரசீதில் "ஏதேனும் காரணத்தால் வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பத் தரப்படமாட்டாது" என்று ஒரே வரி. லோன் வராததும் "ஏதேனும் காரணம்"தான் என்று விற்றவர் கைவிரித்தார். எழுத்துப்படி அவர் சொன்னதில் தப்பில்லை.

இரண்டாவது வீடு 2024 பிப்ரவரியில் கண்ணில் பட்டது. கொளத்தூரில், 2006-ல் கட்டிய தரைத்தளம் சேர்த்து மூன்று தளக் கட்டடம், லிஃப்ட் இல்லை. முதல் மாடியில் 935 சதுர அடி, யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு 415 சதுர அடி. கேட்ட விலை 72 லட்சம். விற்பவர் ஓய்வு பெற்ற பெரியவர். கோவையில் மகனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு போக நினைத்தார். இவர்கள் போகும்போதே இன்னொருவர் 70 லட்சம், முழுக்க ரொக்கம், லோன் கிடையாது என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

முதல் உட்காரல்: என்ன இருந்தது, என்ன இருப்பதாக நினைத்தார்கள்

மார்ச் முதல் வாரம் ஒரு ஞாயிறு. டீச்சர் ஒரு பழுப்பு கவரைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். வைப்புநிதி ரசீதுகள், சீட்டுப் புத்தகம், சம்பளச் சீட்டுகள். கணவர் தன் போனில் வங்கி அனுப்பியிருந்த குறுஞ்செய்தியைக் காட்டினார்: 65 லட்சம் வரை வீட்டுக்கடன், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டது.

"சார், 72-ல எண்பது பர்சன்ட்னா அம்பத்தேழரை. மீதி பதினாலரை. எங்ககிட்ட இருபத்தஞ்சு இருக்கே?"

இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். இதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதலாவது அந்தக் குறுஞ்செய்தி. அது விளம்பரம். சம்பளக் கணக்கைப் பார்த்து இயந்திரம் அனுப்பியது. மனைவியின் வருமானமும் அதில் இல்லை, மற்றக் கடன்களும் இல்லை. நாங்கள் போட்ட கணக்கு வேறு மாதிரி வந்தது. இருவர் சம்பளம் 1,03,000. அந்த வங்கி எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பார்க்கிறது, அதாவது 56,650. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவை: தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடன் 11,800, வாஷிங் மெஷினும் டிவியும் வாங்கியது 2,350, ஸ்கூட்டர் 4,100. மொத்தம் 18,250. வீட்டுக்கடனுக்கு மிஞ்சியது 38,400. அப்போது வட்டி 8.65 சதவீதம், 20 வருடத்துக்கு லட்சத்துக்கு ஏறக்குறைய 877 ரூபாய் தவணை. வகுத்தால் கிடைப்பது 43.8 லட்சம். 65-ம் இல்லை, 57-ம் இல்லை.

ஆனால் அதே காகிதத்தில் மருந்தும் இருந்தது. தனிநபர் கடனில் பாக்கி 1.52 லட்சம், மெஷின் கடனில் 19,000-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் அடைத்தால் கையிலிருந்து போவது 1.71 லட்சம், ஆனால் கடன் தகுதி ஏறுவது 16 லட்சம். வங்கி பார்ப்பது பாக்கித் தொகையை அல்ல, மாதத் தவணையை. முடியப்போகிற கடன்தான் இந்தக் கணக்கில் அதிகம் உறுத்தும். கணவர் நம்பாமல் கால்குலேட்டரை வாங்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

இரண்டாவது ஓட்டை, எதில் எண்பது சதவீதம் என்பது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு 80 சதவீதம். அது ஒப்பந்த விலையில் அல்ல. ஒப்பந்த விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில். பதினெட்டு வயதுக் கட்டடத்துக்கு, லிஃப்ட் இல்லாத இடத்துக்கு, மதிப்பீட்டாளர் விலையைவிட ஐந்து சதவீதமாவது குறைத்துத்தான் போடுவார் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, பதிவுச் செலவு. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன் 4 ஆக இருந்தது). இது அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். இந்தப் பணத்துக்கு வங்கி கடன் தராது. வீட்டு விலையில் இதைச் சேர்த்துக் கணக்கிடவும் கூடாது.

ஆக வங்கி குறைந்ததைப் பார்க்கிறது, பதிவாளர் கூடியதைப் பார்க்கிறார். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்புவது வாங்குபவரின் கைக்காசு. நூறு ரூபாய் விலைக்கு வங்கி 95-ல் எண்பது சதவீதம், அதாவது 76 தரும். கைக்காசு 24, பதிவுக்கு 9, மொத்தம் 33. இருபது சதவீதம் இருந்தால் வீடு வாங்கலாம் என்று ஊரில் சொல்கிறார்களே, பழைய ஃபிளாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும்.

முதல் முடிவு: விலையைக் கீழிருந்து கண்டுபிடிப்பது

கையிருப்பை எழுதினோம். வைப்புநிதி 15.9 லட்சம், பி.எஃப். முன்பணம் 4.6 லட்சம், 2.5 லட்சம் சீட்டை எடுத்தால் 2.25 லட்சம், டீச்சரின் அம்மா தருவதாகச் சொன்னது 3 லட்சம், மே மாதம் வரவேண்டிய ஊக்கத்தொகை 1.1 லட்சம். இதில் 1.71 லட்சம் கடன் அடைக்கப் போகும். 1.5 லட்சம் எதற்கும் தொடக்கூடாத பணம் என்று நான் பிடிவாதமாக ஒதுக்கினேன். மிஞ்சியது 23.64 லட்சம். அதில் தரகு, வக்கீல், மதிப்பீடு, வங்கிக் கட்டணம், கடனுக்கு ஈடாக உரிமைப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு (கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வை இதற்குத் தனி) என்று 1.3 லட்சம். மீதியை 33 சதவீதமாக வைத்தால் விலை 67.7 லட்சம்.

அவர்கள் 72-லிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது கேள்வி வேறாகிவிட்டது. 68 ஒட்டிய விலைக்கு எது வந்தாலும் சரி, அதற்கு மேல் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். டீச்சர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார்.

ரொக்கம் கேட்டபோது

பெரியவர் நல்ல மனிதர், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பத்திரத்தில் 58 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதி கையில். தரகரும் பின்பாட்டு பாடினார்: உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்தானே.

மிச்சம்தான், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அதற்கு விலை என்ன? ஒப்பந்தத்தில் 58 என்றால் வங்கி தருவது அதிகபட்சம் 46.4 லட்சம். நாங்கள் எதிர்பார்த்த 52-ல் ஐந்தரை லட்சம் காணாமல் போகும். கூடவே பத்து லட்சம் ரொக்கமாகத் திரட்ட வேண்டும். லோன் வாங்கி வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு கணக்கிலேயே நிற்காது. சட்டமும் இருக்கிறது: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு தடுத்தது. வாங்கிக்கொண்டவர் அதே அளவு தொகையை அபராதமாகக் கட்ட நேரும்.

இது எல்லாவற்றையும்விட வேலை செய்தது மக்களவைத் தேர்தல். மார்ச் 16-ம் தேதி நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துடன் போனால் கணக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். டீச்சருக்குத் தேர்தல் பணி வேறு. "நானே பூத்ல உக்காரப் போறேன், பையில பணத்தை வெச்சுக்கிட்டு எங்க சார் போறது?" என்றார். எழுபது லட்சம் ரொக்கம் தருவதாகச் சொன்னவர் அந்த வாரம் போனை எடுக்கவில்லை.

பெரியவர் எதற்காக ரொக்கம் கேட்கிறார் என்று ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டேன். மூலதன ஆதாய வரிக்குப் பயந்துதான். 2006-ல் 16 லட்சத்துக்கு வாங்கிய வீடு, லாபம் ஐம்பது லட்சத்துக்கு மேல், அதில் இருபது சதவீதம் அரசாங்கத்துக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆடிட்டரிடம் ஒரு மாலை அழைத்துப் போனோம். வரிக் கணக்குக்காக வாங்கிய விலையை இன்றைய பண மதிப்புக்கு ஏற்றிக்கொள்ள ஒரு குறியீடு உண்டு, 2006-07-க்கான எண் 122. அடுத்த நிதியாண்டுக்கான எண் இன்னும் வராததால் அந்த வருடத்து 348-ஐ வைத்துப் போட்டார். 16 லட்சம், 45.6 லட்சமாக ஏறியது. ஆதாயம் ஏறக்குறைய 23 லட்சம். அதையும் கோவையில் வாங்கப்போகும் வீட்டில் போட்டால் 54-வது பிரிவின்படி வரியே இல்லை. பத்திரத்தில் விலை குறைத்துக் காட்டினால்தான் பெரியவருக்கு நஷ்டம், கோவை வீட்டுக்குக் காட்ட அவரிடம் வெள்ளைப் பணம் இருக்காது.

ஆடிட்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் பெரியவர், "இதை மொதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

(சட்டம் அந்த ஜூலையில் மாறியது. 2024 ஜூலை 23 முதல் விற்கப்படும் சொத்துக்கு 12.5 சதவீதம், குறியீட்டு ஏற்றம் இல்லை. அதற்கு முன் வாங்கியவர்கள் பழைய முறையையும் தேர்ந்தெடுக்கலாம் என்று பிறகு விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் பதிவு ஜூனில் நடந்ததால் அது எங்களைத் தொடவில்லை.)

எழுதிக் கேட்ட விலை

மார்ச் மூன்றாம் வாரம் பெரியவரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். வாயால் பேசி முடிப்பதுதான் வழக்கம். முதல் அனுபவத்துக்குப் பிறகு கணவர் எழுதியே தீருவேன் என்று நின்றார், நல்லதாகப் போயிற்று.

விலை 68.5 லட்சம், முழுவதும் வங்கி வழியாக. எங்கள் எல்லை 67.7 ஆயிற்றே என்று கேட்கலாம். மதிப்பீட்டைப் பற்றி ஒரு நிபந்தனை சேர்த்திருந்தோம், அதனால் துணிந்தோம்: வங்கி மதிப்பு 66 லட்சத்துக்குக் கீழே வந்தால், 66-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை விலையில் குறைப்பார். பெரியவர் இதற்குக் கொஞ்சம் யோசித்தார். பக்கத்து ஃபிளாட் 70-க்குப் போனதே என்றார். அப்படியானால் நிபந்தனை உங்களைத் தொடாதே என்றதும் ஒத்துக்கொண்டார்.

முன்பணம் ஒரு லட்சம் மட்டும். பெரியவர் கேட்டது பத்து. அவர் வீட்டின்மேல் வேறொரு வங்கியில் கடன் இருந்தது, பாக்கி 7.3 லட்சம், மூலப் பத்திரங்கள் அங்கே இருந்தன. அதை அடைக்கப் பணம் வேண்டும், நியாயமான தேவை. ஆனால் எங்கள் வங்கி சாங்ஷன் (கடன் ஒப்புதல்) தருவதற்கு முன்பே எட்டு லட்சம் கொடுத்துவிட்டால், லோன் கிடைக்காத பட்சத்தில் அந்தப் பணம் ஏற்கெனவே இன்னொரு வங்கியின் வாய்க்குள் போயிருக்கும். பெரியவர் திருப்பித் தர நினைத்தாலும் அவரிடம் இருக்காது. எனவே வரிசையை இப்படி வைத்தோம்: முதலில் பெரியவரின் வங்கியிலிருந்து பாக்கிக் கடிதமும் ஆவணப் பட்டியலும், நகல்களை வைத்து எங்கள் வங்கியில் சட்டக் கருத்தும் மதிப்பீடும், சாங்ஷன் கடிதம் கைக்கு வந்தபின் 7.3 லட்சம் நேராக அவர் கடன் கணக்கு எண்ணின் பெயரில் காசோலை.

லோன் நிபந்தனையை இரண்டாகப் பிரித்தோம். உரிமை, வரைபட அனுமதி போன்று வீட்டுக்குச் சம்பந்தப்பட்ட காரணத்தால் வங்கி மறுத்தால் முன்பணம் முழுவதும் 15 நாளில் திரும்ப வேண்டும். வாங்குபவரின் சம்பளம், சிபில் (பழைய கடன்களைக் கட்டிய பதிவு) போன்ற காரணத்தால் மறுத்தால் 25,000 பெரியவருக்கு. "எங்க தப்புக்கு நாங்க கொடுக்கறோம், வீட்டுத் தப்புக்கு நீங்க கொடுங்க" என்று கணவர் சொன்ன விதத்தில் பெரியவர் சிரித்துவிட்டார்.

காலம் 90 நாள். அவர் கேட்டது 45. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (விற்பவர் பெயரில் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து 26கியூபி படிவத்தில் கட்டுவோம் என்பதையும் கடிதத்திலேயே எழுதினோம். பத்திரப் பதிவன்று இது முதன்முறையாகக் காதில் விழுந்தால் விற்பவர் தன்னை ஏமாற்றுவதாக நினைப்பார், அப்படி நின்றுபோன பதிவுகளைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்தோம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம். முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். ஏழு லட்சத்தைப் பிறர் கடன் கணக்கில் போடப்போகிறவர் அப்படிச் செய்யக்கூடாது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

தனிநபர் கடனையும் மெஷின் கடனையும் ஒப்பந்தத்துக்கு முன்பே அடைத்திருந்தோம். சிபில் அறிக்கையில் அது ஏறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், கடன் தீர்ந்த சான்றுகளை விண்ணப்பத்தோடு இணைத்தோம்.

மதிப்பீட்டாளர் வாக்குப்பதிவுக்கு (ஏப்ரல் 19) அடுத்த வாரம் வந்தார். நானும் போயிருந்தேன். டேப்பால் அளந்தார், பால்கனியைக் கம்பி போட்டு அடைத்திருந்ததைக் குறித்தார். பிறகு சமையலறையில் நின்று மேலே பார்த்தார். இரண்டாம் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கூரையில் இரண்டு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்பியிருந்தது. பேனா முனையால் தட்டினார், ஒரு சில்லு பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. மூன்று முறை அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் யாரும் மேலே பார்த்திருக்கவில்லை, நான் உட்பட.

மதிப்பு 64.8 லட்சம். 80 சதவீதம் 51.84, வங்கி 51.8 லட்சத்துக்கு சாங்ஷன் தந்தது, மே 6-ம் தேதி. எழுதி வைத்த நிபந்தனைப்படி வித்தியாசம் 1.2 லட்சத்தில் பாதி, 60,000 குறைந்து விலை 67.9 லட்சம் ஆனது. பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. காகிதத்தில் இருந்ததால் அதைப் பேரமாக யாரும் நினைக்கவில்லை, கணக்காகப் பார்த்தார்கள்.

மே 9 அன்று 7.3 லட்சம் பெரியவரின் கடன் கணக்குக்குப் போயிற்று. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. 19-வது நாள் பத்திரங்கள் வந்தன. 45 நாள் கெடுவுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

எதிர்பாராத அடி பி.எஃப். பக்கமிருந்து வந்தது. கணவரின் பாஸ்புக்கில் 4.6 லட்சம் என்று நாங்கள் எழுதியது, இரண்டு நிறுவனங்களின் கூட்டுத்தொகை. பழைய நிறுவனத்தின் 2.1 லட்சம் புதிய கணக்குக்கு மாற்றப்படவே இல்லை. அந்த நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தது. அதைச் சரி செய்ய மாதக்கணக்கு ஆகும். கைக்கு வந்தது 2.5 லட்சம் மட்டும்.

தேவை மொத்தம்: விலையில் கடன் போக 16.1 லட்சம், பதிவுக்கு 6.11, தரகும் இதரச் செலவும் 1.12. ஆக 23.33 லட்சம். ஊக்கத்தொகை உட்பட கையில் 23.04. தொடக்கூடாத 1.5 லட்சத்தையும் சேர்த்துத்தான் அது.

நகையை அடகு வைக்கலாம் என்று நான் சொன்னேன். டீச்சர் மறுத்தார். "அடகு வெச்சா அது இன்னொரு டியூ சார். மீட்க முடியாம வட்டி கட்டிக்கிட்டே இருப்போம், எங்க அம்மா வீட்ல பாத்துட்டேன். வித்தா முடிஞ்சுது." நாலு சவரன் வளையலை விற்றார். சவரன் அப்போது 53,000-ஐ ஒட்டி இருந்தது, சேதாரம் போக 2.05 லட்சம் வந்தது.

ஜூன் 20-ம் தேதி பத்திரம் பதிவானது.

பிறகு

மாதத் தவணை 45,430. பதிவு ஆனியில், அடுத்தது ஆடி. பால் காய்ச்ச ஆவணி வரை காத்திருந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் வாடகையும் தவணையும் சேர்ந்து போயின. பஞ்சாங்கம் எனக்கும் தெரியும், கணக்கில் எழுதத்தான் தோன்றவில்லை.

இன்னொன்று என் தப்பு. எடுத்த சீட்டை வரவில் எழுதிய நான், அதற்கு இன்னும் ஒன்பது மாதம் மாதம் 10,000 கட்ட வேண்டும் என்பதைச் செலவில் எழுதவில்லை. சிபிலில் சீட்டு தெரியாது, வங்கியும் கேட்கவில்லை. கைக்கு வரும் 1,03,000-ல் வீட்டுத்தவணை, ஸ்கூட்டர், சீட்டு மூன்றும் போக 43,000 சொச்சம், அதிலேதான் மகளின் பள்ளிக் கட்டணமும். அந்த ஒன்பது மாதமும் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினார்கள். ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு லட்சம் கரைந்தது. மேல்வீட்டுக் குளியலறை ஒழுக்கைச் சரி செய்ய மேல்வீட்டுக்காரருடன் பாதிப் பாதி என்று பேசி 18,000 கொடுத்தார்கள்.

2025-ல் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, நான்கு முறை குறைந்து 6.50-லிருந்து 5.25 சதவீதமானது. இவர்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது. தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே 2025 அக்டோபரில் தங்கம் சவரன் 90,000-ஐத் தாண்டியது. நான் சொன்னபடி அடகு வைத்திருந்தால் லாபம் என்று காகிதத்தில் காட்டலாம். அந்த ஒன்பது மாதத்தில் அவர்கள் வட்டி கட்டியிருப்பார்களா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பழைய நிறுவனத்து பி.எஃப். பணம் 2025 ஜனவரியில்தான் மாறி வந்தது.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

பி.எஃப். தொகையைப் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். எந்த நிறுவனத்தின் கணக்கில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறேன். மாற்றம் ஆகாத தொகையை இல்லாததாகவே வைக்கிறேன்.

கையிருப்புத் தாளில் இப்போது இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் அதே வரவு கொண்டுவரும் மாதச் செலவு. சீட்டு, கூட்டுறவு சங்கக் கடன், சொந்தக்காரரிடம் வாங்கியது எல்லாம் வலப்பக்கம் வரும். வங்கி கேட்காததைத்தான் முதலில் கேட்கிறேன்.

மதிப்பீட்டு நிபந்தனையில் பாதிக்குப் பாதி என்றதை இன்னும் கொஞ்சம் வாங்குபவர் பக்கம் சாய்த்திருக்கலாம் என்று கணவர் இப்போது சொல்கிறார். பெரியவர் அதற்கு ஒத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நுழைவு மாதத்தையும் ஒப்பந்தத் தேதியிலேயே பார்த்திருந்தால் 90 நாளுக்குப் பதில் 60 நாளில் வைகாசிக்குள் முடிக்க முயன்றிருப்போமா? பெரியவரின் பத்திரங்கள் மே 28-ல்தான் வந்தன, அதனால் அது நடந்திருக்காது. ஆவணி வரையிலான வாடகையை முதல் நாளே தாளில் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

வீடு பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் நான் முதலில் கூரையைப் பார்க்கிறேன்.